அசதி வாங்கிய செடி

மில் லைனில் பதினான்கு வரிசை வீடுகள் உண்டு, வரிசைக்குப் பதினாறு வீடு, பதினான்காவது வரிசை முடிகிற இடத்தில் ஓடு வேய்ந்த எங்கள் சங்க அலுவலகம் உண்டு, அந்த அலுவலகத்தின் வடக்கு ஜன்னலில், சிரட்டையைவிடக் கொஞ்சம் பெரிய மண் சட்டி ஒன்றில், அந்தச் செடி இருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் செடி. தடித்துக் கூர்த்த கரும்பச்சை இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளை வரி ஓடி, பூவைப்போல விரிந்திருக்கும். மூன்று வருடத்தில் அது விட்டது நான்கு இலை. மில் தொழிலாளிகளைப் பற்றிக் கணக்கெடுக்க வந்த கல்லூரிப் பெண் ஒருத்தி, ஒரு மாதம் எங்கள் டீயைக் குடித்துவிட்டு, ஊர் திரும்பும் நாளில் அதை மேசையில் வைத்தாள். "இருபது நாளைக்கு ஒரு தடவை அரை டம்ளர் தண்ணி போதும் சார். அதுக்கு மேல ஊத்தினா வேர் அழுகிடும். வெயில் நேரா படக் கூடாது, வெளிச்சம் மட்டும் வேணும்" என்றாள். அவள் எடுத்த கணக்கு என்ன ஆயிற்று என்று எங்களுக்குத் தெரியாது. செடி மட்டும் தங்கிவிட்டது.

அதை வளர்த்தது நான். இருபத்தெட்டு வருடம் அந்தச் சங்கத்தின் செயலாளர், இரண்டு முறை வேலை நீக்கம் செய்யப்பட்டவன், மூன்று முறை உள்ளே போய் வந்தவன், எட்டாம் வகுப்புக்கு மேல் படித்ததெல்லாம் துண்டுப் பிரசுரங்களில் படித்தவன், பிறகு துண்டுப் பிரசுரங்களை எழுதியவன். எழுதியதில் பாதி, வாசலில் கொடுத்த பத்து நிமிடத்தில் கனி பாய் டீக்கடையில் வடை மடிக்கப் போனது. சொன்ன சொல்லைக் கேட்கும் ஒரு ஜீவனும் அந்த லைனில் எனக்கு இருந்ததில்லை. செடி கேட்டது. செம்மண், ஆற்று மணல், இடித்த செங்கல் மூன்றையும் கலந்து வைத்தேன், ஏற்றுக்கொண்டது. மில்லிலிருந்து பறந்து வந்து இலையிடுக்கில் படியும் பஞ்சுத் தூசியை, சுவரில் கோரிக்கை எழுதும் பிரஷ்ஷில் சின்னதாக ஒன்றை எடுத்துத் தட்டிவிடுவேன். வெளிச்சத்தின் பக்கம் சாய்ந்துவிடாதபடி ஞாயிறுதோறும் சட்டியைக் கால்வாசி திருப்பி வைப்பேன். தண்ணீர் ஊற்றிய தேதியை மினிட் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைப்பேன். நிறைவேறாத தீர்மானங்கள் முதல் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தன, செடியின் தேதிகள் கடைசிப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தன, இரண்டும் எங்கேயாவது சந்திக்கும் என்று கனி பாய் கேலி செய்வார்.

மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் அந்தச் செடி அசதி வாங்கத் தொடங்கியது.

முதலில் கொடுத்தவள் குருவம்மாள். ஸ்பின்னிங்கில் சைடர் வேலை, அதாவது ஓடுகிற மிஷினின் நீளத்துக்கும் நடந்து நடந்து அறுந்த இழைகளைப் பிணைக்கிற வேலை. ஒரு ஷிப்டில் அவள் நடக்கும் நடையை நீட்டிவைத்தால் பழனிக்குப் போகலாம். நாற்பத்து நான்கு வயது. கணவன் இல்லை. மகள் அபிநயா மதுரையில் நர்ஸ் படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். சங்கக் கூட்டங்களில் நான் ஒரு மணி நேரம் பேசி முடித்ததும், கடைசி வரிசையிலிருந்து எழுந்து, "இதையே தோழர் போன மாசமும் சொன்னீங்க" என்று ஒரு வரியில் முடித்து வைப்பவள் அவள்தான். அன்றைக்கு முதல் ஷிப்ட் முடிந்து லீவு விஷயமாக ஒரு மனு எழுதி வாங்க வந்தாள். நான் எழுதிக்கொண்டிருக்க, ஜன்னலோரம் நின்று, சட்டியின் விளிம்பில் இரண்டு விரலை ஊன்றிக்கொண்டாள்.

"தோழர், கால் வலி போயிருச்சு."

"உக்காரு, போகும்."

"உக்காரவே இல்லையே. அசதியே போயிருச்சு. காலைல எந்திரிச்சவ மாதிரி இருக்கேன்." கொஞ்சம் யோசித்து, "காலைல எந்திரிக்கையிலகூட நான் இப்படி இருந்ததில்லை" என்றாள்.

மனுவை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை சட்டியைத் திருப்பப் போனால், தண்ணீர் நிறைந்த குடத்தின் கனம் கனத்தது.

வாரத்துக்குள் லைன் முழுக்கத் தெரிந்துவிட்டது. யாரும் பெரிதாக வியக்கவில்லை. அதற்கு நேரம் இல்லை. ஷிப்ட் விட்டு வருகிறவர்கள் வீட்டுக்குப் போகும் வழியில், ரேஷன் கடையில் நிற்பதுபோல வந்து நின்று, இரண்டு விரலை விளிம்பில் வைத்து, மூச்சு ஒன்றை விட்டு, அடுத்த ஆளுக்கு இடம் கொடுத்துப் போனார்கள். விரல் வைக்கும்போது பேசக் கூடாது என்று ஒரு வழக்கம் தானாக வந்தது. செருப்பைக் கழற்ற வேண்டும் என்று இன்னொன்று வந்தது. இரண்டையும் யார் சொன்னது என்று கேட்டால் எல்லோரும் அடுத்தவரைக் காட்டினார்கள். மாரியம்மன் கோயில் பூசாரி வந்து, செடியைக் கோயிலில் வைப்பதுதான் முறை என்றார். விரலை வைத்துப் பார்த்த பிறகு, இங்கேயே இருக்கட்டும், நடை தூரம் கம்மி என்றார். மூன்று கட்சிக்காரர்கள் தனித்தனியே வந்து, செடி தங்கள் ஆட்சியில் நட்டது என்று சொல்லிவிட்டு, தனித்தனியே விரல் வைத்துவிட்டுப் போனார்கள். கனி பாய்க்குத்தான் வருத்தம். அசதி இல்லாதவன் டீ குடிப்பதில்லை.

எங்களுடையது சங்கம் என்பதால் விஷயம் கூட்டத்துக்கு வந்தது. சந்தா கட்டாதவர் விரல் வைக்கலாமா, கான்ட்ராக்ட் தொழிலாளி வைக்கலாமா, ஓய்வு பெற்றவர் பழைய அசதியைக் கொண்டுவந்தால் ஏற்பதா என்று மூன்று மணி நேரம் பேசினோம். தலைவர் ராஜபாண்டி, முப்பத்தைந்து வயது, நல்ல குரல், என்னைப் பெரியவர் என்று மேடையிலும் பெருசு என்று கீழேயும் சொல்லுகிறவர், ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: செடி சங்கத்துடையது, ஆகவே மில் வேலையில் வந்த அசதியை மட்டும் அது வாங்கலாம், வீட்டு அசதியை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும்.

குருவம்மாள் எழுந்தாள். "தம்பி, என் காலுல மில்லு அசதி எது, மாவாட்டுன அசதி எதுன்னு பிரிச்சுக் குடுக்க ஒரு ஆளப் போடுவீகளா? இல்ல, ஆம்பளைக எல்லாம் முழுசா இறக்கி வச்சிட்டுப் போகணும், நாங்க பாதியத் தூக்கிட்டுப் போகணுமா?"

"அக்கா, நான் அப்படிச் சொல்லல, கோட்பாட்டு ரீதியா..."

"கோட்பாடு எல்லாம் சரிதான். உன் வீட்டுக்காரி வெளிய நிக்கிறா. அவகிட்டச் சொல்லு."

திருத்தம் வாபஸ் ஆனது. கோட்பாட்டின்படி ராஜபாண்டி சொன்னது தப்பு, குருவம்மாள் சொன்னது சரி, இதை நான் அன்றே மினிட்டில் எழுதினேன். அன்றிலிருந்து துவைத்த அசதி, சமைத்த அசதி, பிள்ளை தூக்கிய அசதி, மாமியாரைக் குளிப்பாட்டிய அசதி எல்லாம் வந்தன, சட்டி வாங்கிக்கொண்டது, செடி ஒரு நெல்லளவும் வளரவில்லை, கனம் மட்டும் ஏறியது. சித்திரையில் ஜன்னல் திட்டு விரிசல் விட்டது. மேசைக்கு மாற்றினோம், மேசை முதுகு வளைந்தது. வைகாசியில் ஆறு பேர் சேர்ந்து தரைக்கு இறக்கினார்கள், சிமெண்டுத் தரை பழைய பாய்போல நடுவில் குழிந்தது. சங்கத்தில் நான் ஒருவன்தான் விரல் வைக்கவில்லை. என் அசதி நான் சம்பாதித்தது, அதை யாரிடமும் கொடுக்கும் எண்ணம் இல்லை. இருபது நாளுக்கு ஒருமுறை குனிந்து அரை டம்ளர் ஊற்றினேன், பஞ்சு தட்டினேன். திருப்ப மட்டும் முடியவில்லை. அது வெளிச்சத்தின் பக்கம் மெல்லச் சாய்ந்துகொண்டிருந்தது.

மில் நிர்வாகத்துக்கு விஷயம் புரிய இரண்டு மாதம் ஆனது. அவர்கள் செடியைப் பறிக்க வருவார்கள் என்று நான் காத்திருந்தேன், வாசலில் பேசுவதற்குப் பேச்சுகூடத் தயாராக இருந்தது. வரவில்லை. பளபளவென்று மெருகேற்றிய கருங்கல் பீடம் ஒன்றை அனுப்பினார்கள், செடியை வைத்துக்கொள்ள, நிர்வாகத்தின் அன்பளிப்பாக. செடியைத் தூக்கி வைக்க முடியாததால் அது அலுவலகத்தின் ஓரத்தில் காலியாகக் கிடந்தது. அதற்கடுத்த வாரம், விருப்பமுள்ளவர்கள் எட்டு மணி நேரத்துக்குப் பதில் பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்யலாம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். விருப்பம் இல்லாதவர் யார்? கால் வலி இல்லை, இடுப்பு வலி இல்லை, கண் எரிச்சல் இல்லை. ஆடிக்குள் மில் முழுக்கப் பன்னிரண்டு மணி நேரம் ஆயிற்று, அதற்கு மேலும் கேட்டு வாங்கி இரட்டை ஷிப்ட், பதினாறு மணி நேரம், போனவர்கள் உண்டு. எட்டு மணி நேரத்துக்காக என் தகப்பன் காலத்து ஆட்கள் அடி வாங்கியதையும், அதில் இரண்டு பேர் திரும்பி வராததையும் நான் வாசலில் நின்று சொன்னேன். எதிரே பதினோரு பேர் நின்றார்கள். அதில் நால்வர் பஸ்ஸுக்காக நின்றவர்கள்.

"அசந்து போனவன்கிட்ட ஓய்வப் பத்திப் பேசலாம் தோழர்," என்றார் கனி பாய், எனக்கு ஒரு டீயை நீட்டியபடி. "இவங்ககிட்ட என்னத்தப் பேசுவீங்க? நானே கடைய மூடிட்டு மில்லுக்குப் போலாமான்னு பாக்குறேன்."

இதெல்லாம் கோரிக்கை, பேரம், ஒப்பந்தம் என்று என்றைக்காவது திரும்பி வரும், போகும். போனால் திரும்பாதது ஒன்று என் கண்முன்னால் தேய்ந்துகொண்டிருந்தது. இரட்டை ஷிப்டை முதலில் கேட்டு வாங்கியவள் குருவம்மாள். மகள் படிப்பு முடியும்வரை என்று சொன்னாள். காலை ஷிப்ட், பிறகு ஓடிவந்து இரண்டு விரல், பிறகு அடுத்த ஷிப்ட், பிறகு இரண்டு விரல், வீட்டில் மூன்று மணி நேரம் படுத்து எழுவாள், அதுவும் பழக்கத்துக்காக. ஆவணியில் அவள் வளையல்கள் முழங்கை வரை ஏறி இறங்கின. ஐப்பசியில் நகங்கள் வெளுத்தன. மார்கழியில், நின்றுகொண்டிருக்கும்போதே கழுத்தின் ஓரத்தில் நாடி துடிப்பதை எதிர் வரிசையிலிருந்து பார்க்க முடிந்தது. முகத்தில் மட்டும் ஒரு சோர்வும் இல்லை, அப்போதுதான் குளித்து வந்தவள்போல இருந்தாள். மருந்தகத்து டாக்டரம்மாவிடம் நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். அந்த அம்மா இரண்டு முறை சோதித்தார்.

"ஹார்ட் வீங்கியிருக்கு. உடம்புல ரத்தமே இல்ல. ஒரு மாசம் படுக்கணும். இப்படியே போனா, நடந்துக்கிட்டு இருக்கும்போதே நின்னுடும். உங்களுக்குத் தலை சுத்தலையா, மூச்சு வாங்கலையா?"

"ஒண்ணும் இல்லம்மா. நல்லா இருக்கேன்" என்றாள் குருவம்மாள். பொய் இல்லை.

திரும்பி வரும் வழியில், ரயில்வே கேட் மூடியிருந்தது. நின்றோம்.

"கேட்டல்ல?" என்றேன்.

"கேட்டேன்."

"இரட்டை ஷிப்ட விடு. ஒரு ஷிப்ட் போ. அந்தச் சட்டிப் பக்கம் ஒரு மாசம் வராத."

"எதுக்குத் தோழர் விடணும்? எம் புள்ளைக்கு இன்னும் ஒண்ணே கால் வருசம் இருக்கு. எனக்கு அசதி வந்தா நானே நிறுத்தமாட்டனா? வரலையே."

"வராது. அதுதான் ஆபத்து. அசதிங்கிறது உடம்பு போடுற வாயிற்கூட்டம். அது பேச்சக் கேக்கணும்."

"நீங்க போட்ட வாயிற்கூட்டத்தையே யாரும் கேக்கல. உடம்பு போடுறதையா கேக்கப் போறாக?" சிரித்தாள். ரயில் போனது. அந்தச் சத்தத்தில் ஏதோ சொன்னாள், நான் என்னவென்று கேட்டதற்கு, "என் உடம்ப நான் வித்துக்கிட்டு இருக்கேன், அத நீங்க பாத்துக்கிட்டுதான இருந்தீக இத்தன வருசமா, இப்ப என்ன புதுசா?" என்றாள். கேட் திறந்தது. என்னைவிட வேகமாக நடந்து போய்விட்டாள்.

தையில் சிறப்புப் பேரவை கூட்டினேன். செடியை மூன்று மாதம் பூட்டி வைப்பது என்று தீர்மானம் முன்மொழிந்தேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன், பெயர் சொல்லாமல். ஆதரவு ஒன்று, என் கை. எதிர்ப்பு இருநூற்று ஆறு, அதில் குருவம்மாள் கை முன்வரிசையில், மெலிந்து, நேராக. அதோடு நிற்கவில்லை. ராஜபாண்டி எழுந்தார்.

"பெரியவர் மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா ஒண்ணு கேக்குறேன். இந்தச் செடி சங்கத்தின் சொத்தா, செயலாளர் சொத்தா? சாவி அவர்கிட்ட. தண்ணி ஊத்துறது அவர். பஞ்சு தட்டுறது அவர். நம்ம இருநூறு குடும்பத்து அசதி இருக்கிற இடத்துல ஒரு தனிமனிதர் மட்டும் கை வைக்கலாம்னா, இது ஜனநாயகமா?"

கைதட்டினார்கள். பராமரிப்புக் கமிட்டி அமைப்பது என்று அங்கேயே முடிவாயிற்று. வரிசைக்கு ஒருவர், மொத்தம் பதினான்கு பேர். யார் தண்ணீர் ஊற்றுவது என்பதில் பேச்சு நீண்டது. மூன்றாம் வரிசை ஊற்றினால் ஒன்பதாம் வரிசை மட்டும் இளப்பமா என்றார்கள். பெண்களுக்கு முறை உண்டா என்றார்கள். கடைசியில், தினம் ஒரு வரிசை, முறைவைத்து, ஆளுக்கு அரை டம்ளர் என்று தீர்மானம் எழுதப்பட்டது. எழுதியது நான். செயலாளர் நான்தானே.

எழுதி முடித்துத் தலை நிமிர்ந்தபோது ராஜபாண்டி, நல்ல மனிதர்தான், என்னைப் பார்த்துக் கேட்டார்: "பெரியவரே, தண்ணி விஷயத்துல எதாவது முறை இருக்கா? நீங்கதான் இத்தன நாள் பாத்தவரு."

மினிட் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் மூன்று வருடத்துத் தேதிகள் இருந்தன. என் கை அதன்மேல்தான் இருந்தது. நாற்பது வருடத்தில் நான் பார்த்த கமிட்டிகளின் பெயர்கள் எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தன, ஊக்கத்தொகைக் கமிட்டி, கேன்டீன் கமிட்டி, ஒற்றுமைக் கமிட்டி. ஒவ்வொன்றும் தன் கைக்கு வந்ததை அன்போடு, முறைவைத்து, ஒருவர் விடாமல் ஊற்றி ஊற்றி அழுக வைத்தது. அவற்றில் ஒன்றையும் நான் ஏவியதில்லை. எல்லாவற்றையும் தடுக்கப் பார்த்தவன்.

"பேரவை முடிவே இறுதி" என்றேன்.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. என் வாழ்க்கையில் நான் எழுதி ஏகமனதாக நிறைவேறிய முதல் தீர்மானம் அது.

அவர்கள் ஒரு நாள் தவறவில்லை. பித்தளைச் செம்பில் கொண்டுவந்தார்கள், ஆறாம் வரிசை வெட்டிவேர் போட்ட தண்ணீர் கொண்டுவந்தது, பத்தாம் வரிசை ஆற்றுத் தண்ணீர். பத்தாம் நாள் இலைகளின் அடிப்பாகம் கண்ணாடிபோல ஆனது. அழகாக இருக்கிறது என்றார்கள். பதினைந்தாம் நாள் ஓரத்து இலை துவண்டது. தண்ணீர் பற்றவில்லை என்று கமிட்டி கூடி, அரை டம்ளரை ஒரு டம்ளராக்கியது. மண்ணிலிருந்து புளித்த மாவு வாசனை வந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். குருவம்மாள் தினமும் இரண்டு முறை வந்தாள், இரண்டு விரல் வைத்தாள். வாசனை அவளுக்கும் எட்டியிருக்கும். ஒருநாள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. செடி செத்தால் அசதி வாங்குவது நின்றுபோகும், அவளுக்குக் கால் வலிக்கும், வலித்தால் உட்காருவாள், உட்கார்ந்தால் பிழைப்பாள். என் கணக்கு அவ்வளவுதான். வாங்கிய அசதி எங்கே போகும் என்று நான் யோசிக்கவே இல்லை. இத்தனை பிரசுரம் படித்தவன் அந்த ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளவில்லை.

இருபத்து இரண்டாம் நாள், வியாழக்கிழமை, காலை பத்தரை மணி. எட்டாம் வரிசைக்காரர் டம்ளரைச் சாய்த்தபோது, செடி வேரிலிருந்து கழன்று பக்கவாட்டில் சரிந்தது. அவ்வளவுதான். எட்டாம் வரிசைக்காரர் டம்ளரோடு தரையில் உட்கார்ந்தார், சுவரில் சாய்ந்தார், தூங்கிவிட்டார். நான் குனிந்து சட்டியைத் தொட்டேன், இரண்டு விரலில் வந்தது, காலி வடைப் பொட்டலத்தின் கனம்கூட இல்லை.

அசதி எல்லாம் அவரவரிடம் திரும்பிப் போய்விட்டது.

வெளியே வந்தேன். குழாயடியில் குடங்கள் நிறைந்து வழிந்துகொண்டிருந்தன, பக்கத்தில் பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள். கோயில் வாசலில் பூசாரி தீபாராதனைத் தட்டைப் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டுத் தூங்கினார். மூன்றாம் வரிசையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் ஈரச் சேலையைப் போர்த்தித் தூங்கினாள். ராஜபாண்டி வாசற்படியில், வாய் திறந்து, ஒரு பேச்சின் நடுவில் நின்றவர்போல. ஓடினேன். மில் கேட்டில் வாட்ச்மேன் தூங்கினார், அவரும் ரகசியமாக விரல் வைத்தவர்தான். ஸ்பின்னிங்கில் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன, இழைகள் ஆயிரக்கணக்கில் அறுந்து பறந்தன, பிணைப்பதற்கு ஒருவர் இல்லை, பஞ்சு காற்றில் எழும்பித் தரையெங்கும் தூங்குகிறவர்கள்மேல் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. பதினோராம் நம்பர் மிஷினின் கோடியில் குருவம்மாள் கிடந்தாள். அவள் உட்காரவில்லை, விழுந்திருந்தாள். பதினோரு மாதத்து அசதி ஒரே நிமிடத்தில் அவள்மேல் வந்து இறங்கியிருந்தது. மூக்கின் கீழே விரல் வைத்துப் பார்த்தேன். இரண்டு மூச்சுக்கு இடையில் என் தகப்பன் காலத்து ஆட்களின் பெயர் முழுவதையும் சொல்லி முடிக்கலாம்.

நானும் கனி பாயும் தள்ளுவண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அவர், வியாபாரத்தைக் கெடுத்த செடி என்ற கோபத்தில் விரல் வைக்காத இன்னொரு ஆள். டாக்டரம்மா வந்தார். நாடி நாற்பதுக்குக் கீழே என்றார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கினால் அந்த அலுங்கலே ஆகாது, எழுப்பவும் கூடாது, இந்த இதயம் இதைத் தாங்குமா என்று தெரியாது, தாங்கினால் தானாக விழிப்பாள் என்றார். வீட்டிலேயே மருந்தை ஏற்றினார். சாயங்காலம் அபிநயா வந்தாள், சீருடையோடு, அம்மாவின் காலடியில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்தவள் விடவில்லை.

மற்றவர்கள் மூன்றாம் நாளிலிருந்து ஒவ்வொருவராக விழித்தார்கள், கொடுத்து வைத்த அளவுக்குத் தூங்கினார்கள், எழுந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்தார்கள். மில் ஒன்பது நாள் ஓடவில்லை. சங்கு நேரத்துக்கு ஊதியது, ஒருவர் புரண்டு படுத்தார், அவ்வளவே. ஐந்தாம் நாள் மேனேஜர் காரில் வந்தார். கருங்கல் பீடத்தின்மேல் உட்கார்ந்தார், நாற்காலியில் நான் இருந்ததால்.

"சட்டவிரோத வேலைநிறுத்தம் சார் இது. நோட்டீஸ்கூடக் குடுக்கல."

"யாரும் வேலைநிறுத்தம் செய்யல. தூங்குறாங்க."

"எப்ப எந்திரிப்பாங்க?"

"எட்டு மணி நேரம் வேலைன்னா எந்திரிப்பாங்க" என்றேன். அது எனக்கே தெரியாத விஷயம். ஆனால் அந்த ஆளுக்கு அதைவிடக் கம்மியாகத் தெரியும். எட்டாம் நாள் கையெழுத்துப் போட்டார். மாவட்டத்திலிருந்து தலைவர்கள் வந்து மாலை போட்டார்கள், சரித்திரத்தில் இப்படி ஒரு முழு வேலைநிறுத்தம் கண்டதில்லை என்று பிரசுரம் போடலாம் என்றார்கள், என்னை எழுதித் தரச் சொன்னார்கள். நான் மறுத்துவிட்டேன். நான் நடத்திய ஒரே முழு வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்ட ஒருவருக்கும் தான் கலந்துகொண்டது தெரியாது. மாலையைக் கழற்றிவிட்டுக் குருவம்மாள் வீட்டுக்குப் போனேன். தினமும் அங்கேதான் இருந்தேன். அபிநயா ஒருமுறை கேட்டாள், "மாமா, அந்தச் செடி எப்படிச் செத்துச்சு?" தண்ணீர் அதிகமாகிவிட்டது என்றேன். அவள் அம்மாவின் உதட்டில் ஈரத் துணியை வைத்துக்கொண்டிருந்தாள்.

பதினேழாம் நாள், மதியம், குருவம்மாள் கண் விழித்தாள். மகள் கஞ்சி வைக்கப் பின்கட்டுக்குப் போயிருந்தாள். குரல் வர நேரமானது.

"எத்தன நாளு?"

"பதினேழு. மில்லு திறந்தாச்சு. எட்டு மணி நேரம்னு எழுதி வாங்கியாச்சு. அபிநயா இங்கதான் இருக்கா."

கேட்டுக்கொண்டாள். கூரையைப் பார்த்தாள்.

"நான் தினம் சங்க ஆபீசுக்கு வந்து போனவ தோழர். மினிட் புத்தகத்தோட கடைசிப் பக்கத்தப் பாத்திருக்கேன். இருபது நாளுக்கு ஒருதரம். அன்னைக்கு ராஜபாண்டி கேட்டப்ப நீங்க வாயத் தெறக்கல."

"தெறக்கல."

"நானும் தெறக்கல. நீங்க சொல்லுவீகன்னு பாத்தேன். நாப்பது வருசமா தொழிலாளிதான் முடிவெடுக்கணும்னு பேசுன ஆளு, சொல்லாமயா இருப்பாருன்னு பாத்தேன்."

"குருவு, நீ செத்துப் போயிருப்ப."

"இருக்கலாம். இப்பவும் சாகப் பாத்தேன்ல." மூச்சு வாங்கினாள். அந்த வீட்டில் ஒருவருக்கு மூச்சு வாங்கி நான் கேட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. "என்கிட்ட கேட்டிருக்கணும்."

"கேட்டா வேண்டாம்னிருப்ப."

"ஆமா, வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். அப்பவும் கேட்டிருக்கணும்."

இதற்கான பிரசுரம் ஒன்றும் என்னிடம் இருந்ததில்லை. பின்கட்டில் கஞ்சி பொங்கி அடுப்பில் வழியும் சத்தம் கேட்டது.

அவள் மெல்லச் சுவர்ப் பக்கம் திரும்பினாள். திரும்பவே நாலு தவணை ஆயிற்று, ஒவ்வொன்றுக்கும் நின்று, முனகி, மறுபடி திரும்பினாள்.

"அசதியா இருக்கு தோழர்" என்றாள். "கதவச் சாத்திட்டுப் போங்க."

சாத்திவிட்டு வந்தேன்.